விஷம்தான்... ஆனால், எவ்வளவு?

புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்களை இரண்டே நாளில் காட்டிக்கொடுக்கும் சோதனையை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார் புரூஸ் ஏம்ஸ். பிறகு, அந்தச் சோதனையைப் பார்த்துப் பயந்தவர்களிடம் ‘இவ்வளவு பயம் ஏன்?’ என்று கேட்டார். நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் அவருடைய இந்த இரண்டு முகங்களும் இருக்கின்றன.

குழந்தைகள் இரவில் உடுத்தும் துணி சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதி இது. யாரும் குறை சொல்ல முடியாத விதி. அதை நிறைவேற்ற, துணி ஆலைகள் ‘ட்ரிஸ்’ என்ற புரோமின் கலந்த ரசாயனத்தைத் துணியில் ஏற்றின. தீப்பொறி பட்டாலும் துணி பற்றிக்கொள்ளவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகள் அந்த உடுப்பில் தூங்கினார்கள். கைக்குழந்தைகள் அதன் நுனியைச் சப்பிக்கொண்டே தூங்கினார்கள்.

1977 ஜனவரியில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் ஆர்லீன் புளூம். வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற மலையேற்ற வீராங்கனை. மறு ஆண்டே பெண்கள் அணி ஒன்றை அன்னபூர்ணா சிகரத்துக்கு நடத்திச் சென்றவர். இன்னொருவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த புரூஸ் ஏம்ஸ். ட்ரிஸ், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் பிழைகளை உண்டாக்குகிறது. குழந்தைகளுக்கு இது புற்றுநோய் அபாயமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். ஏப்ரலில், ட்ரிஸ் ஏற்றிய குழந்தை உடுப்புகளுக்கு அரசு தடை போட்டது. மறு ஆண்டு, அந்த உடுப்பைப் போட்ட குழந்தைகளின் சிறுநீரில், ட்ரிஸ் சிதைந்து உருவாகும் பொருளையும் கண்டுபிடித்தார்கள். மாற்றாக ஆலைகள் கையிலெடுத்த, குளோரின் கலந்த இன்னொரு ட்ரிஸ்ஸையும் ஏம்ஸ் குழு சோதித்தது. அண்ணன் செய்த வேலையைத் தம்பியும் செய்தது.

ஒரு ரசாயனம் புற்றுநோய் உண்டாக்குமா என்று அறிய, அப்போதைய வழக்கப்படி நூற்றுக்கணக்கான எலிகளுக்கு அதை ஊட்டி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏம்ஸுக்குத் தேவைப்பட்டது ஒரு வட்டத் தட்டு, கொஞ்சம் கிருமி, இரண்டு நாள்.

சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு கேள்வி

1928-ல் நியூயார்க்கில் பிறந்தவர் ஏம்ஸ். கார்னெலில் பட்டப்படிப்பு, கால்டெக்கில் 1953-ல் டாக்டர் பட்டம், அங்கிருந்து பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை. புற்றுநோய் ஆராய்ச்சியை அவர் அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உணவை நஞ்சாக்கும் ‘சால்மோனெல்லா’ பாக்டீரியா, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை எப்படித் தயாரிக்கிறது, அதை எந்த மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வெளியாளுக்குக் கேட்டாலே தூக்கம் வரும் தலைப்பு. அதில்தான் அவர் ஆண்டுக்கணக்கில் மூழ்கிக் கிடந்தார்.

1964-ல் ஒருநாள், உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த பட்டியலைப் படித்தார். கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வேறு யாராவது படித்திருந்தால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்திருப்பார்கள். மரபியல்காரருக்கு வேறு கேள்வி வந்தது. இவை டி.என்.ஏ.வை என்ன செய்யும்? யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

சோதிக்கும் வழி அவருடைய மேசையிலேயே இருந்தது. மரபணு பழுதாகி, ஹிஸ்டிடின் செய்யத் தெரியாமல் போன சால்மோனெல்லா வகைகளை அவர் ஏராளமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஹிஸ்டிடினைப் போட்டு வளர்த்தால் அவை வளரும், போடாவிட்டால் பட்டினி. அந்தப் பட்டினித் தட்டில் பல கோடிக் கிருமிகளைப் பரப்பி, சந்தேகத்துக்குரிய ரசாயனத்தையும் சேர்த்தால்? ரசாயனம் சாதுவானது என்றால் தட்டு ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கும். டி.என்.ஏ.வைக் கிளறிவிடும் வகை என்றால், பழுதான அதே இடத்தில் இன்னொரு பிழை விழுந்து, ஏதோ சில கிருமிகளில் பழைய பழுது தற்செயலாகச் சரியாகிவிடும். மக்கர் செய்யும் ரேடியோவைத் தட்டத் தட்ட, ஏதோ ஒரு தட்டில் பாட்டு வந்துவிடுவதைப் போல. பிழைத்த கிருமி தனக்கு வேண்டிய ஹிஸ்டிடினைத் தானே செய்துகொண்டு பெருகும். 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரியும் வெள்ளைப் புள்ளிகள். எண்ணினால் போதும். புள்ளி கூடக்கூட, ரசாயனத்தின் மீதான சந்தேகமும் கூடும்.

சோதனையைக் கூர்மையாக்க, கிருமிகளின் தற்காப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார். டி.என்.ஏ. காயத்தை ஆற்றும் முக்கியமான ஏற்பாடு ஒன்றை நீக்கினார். பெரிய மூலக்கூறுகளும் உள்ளே நுழையும்படி வெளிச்சுவரைப் பலவீனமாக்கினார். பட்ட அடியை மறைக்க முடியாத கிருமிகள் தயாராயின.

ஈரல் செய்யும் வினை

ஆனாலும், சோதனை ஓரிடத்தில் சறுக்கியது. விலங்குகளுக்குப் புற்றுநோய் தருபவை என்று ஊரறிந்த பல ரசாயனங்கள் இந்தத் தட்டில் பரம சாதுவாக இருந்தன.

அதற்கான விடையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் ஆய்வகத்தில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதி ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய்க்கு நிறமேற்ற ஒரு காலத்தில் பயன்பட்ட மஞ்சள் சாயம் ஒன்று, எலிகளின் ஈரலில் புற்று உண்டாக்கியது. அந்தச் சாயம் ஈரலின் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொண்டிருப்பதை 1947-ல் அவர்கள் காட்டினார்கள். ஆனால், பாட்டிலில் இருக்கும் சாயத்துக்கு அப்படி ஒட்டும் குணமே கிடையாது. உடம்புக்குள் போன பிறகு ஏதோ நடக்கிறது. பல ஆண்டுகள் உழைத்து அந்த ‘ஏதோ’ என்னவென்று விளக்கினார்கள். எண்ணெயில் கரையும் அந்நியப் பொருள்களை நீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது ஈரலின் வேலை. அப்படி மாற்றும்போது சில பொருள்கள் பாதி வழியில், எலக்ட்ரானுக்கு ஆலாய்ப் பறக்கும் மூலக்கூறுகளாகிவிடுகின்றன. கைக்கு எட்டிய புரதத்தையும் டி.என்.ஏ.வையும் பிடித்துக்கொள்கின்றன. சுத்தம் செய்யப் போன இடத்தில்தான் வினை விளைகிறது.

நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் பாராசிட்டமாலுக்கும் இதே கதைதான். சொன்ன அளவில் போட்டுக்கொண்டால், ஈரல் அதைப் பெரும்பாலும் பத்திரமாக வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சு மூலக்கூறாக மாறும். குளுட்டதயான் என்ற காவல் பொருள் அதை உடனே அணைத்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டதயான் கையிருப்பு தீர்ந்துபோகும். அடக்க ஆளில்லாத நச்சு, ஈரல் செல்களையே கொல்லும். தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் குழு 1973-ல் இதை விளக்கியது. குளுட்டதயானை மறுபடி ஊறச் செய்யும் அசிட்டைல்சிஸ்டீன் இன்று பாராசிட்டமால் நஞ்சுக்கு முறிவு மருந்தாக இருப்பது இந்தப் புரிதலால்தான். ரசாயனப் புற்றுநோயும் மருந்து நச்சும் இரண்டு துறைகளாகத் தோன்றினாலும், ஈரல் என்ற ஒரே வீட்டு வாசலில்தான் இரண்டும் சந்திக்கின்றன.

கிருமிக்கு ஈரல் கிடையாது. அதனால்தான் தட்டு ஏமாந்தது. 1971-ல் ஹைன்ரிஷ் மாலிங் என்ற ஆய்வாளர், டைமீத்தைல்நைட்ரோசமைன் என்ற ரசாயனத்தை எலி ஈரல் சாற்றோடு சேர்த்தபோது, அதுவரை சும்மா இருந்த அது கிருமிகளின் மரபணுவைத் தாக்கியது. இந்த ரசாயனத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு இடத்தில் வரும். 1968-லேயே பெர்க்லிக்கு இடம் மாறியிருந்த ஏம்ஸ், அரைத்த ஈரலின் சாற்றைத் தன் தட்டிலேயே சேர்த்தார். கிருமிக்கு ஓர் ஈரல் கிடைத்தது. 1973-ல் வெளியான அவருடைய கட்டுரை, புற்றுநோய்க் காரணிகள் மரபணுப் பிழையை உண்டாக்குபவைதான் என்று தலைப்பிலேயே அறிவித்தது. 1975-ல் 300 ரசாயனங்களின் முடிவுகள் வந்தன. அவற்றில் 174 புற்றுநோய்க் காரணிகள்; தட்டு பிடித்துக்கொடுத்தது 156. நூற்றுக்குத் தொண்ணூறு.

பிடிபட்டவற்றுள் ஒன்று அஃப்ளடாக்சின். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமாகச் செத்துவிழ, தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோது அகப்பட்டது. ஈரல் சாறு இல்லாத தட்டில் சாது. சாறு சேர்ந்ததும் மகா மூர்க்கம்.

முடிச்சாயமும் மீன் புகையும்

சோதனை மலிவானது என்பதால், யாரும் கேட்கத் துணியாத கேள்விகளை மாணவர்கள்கூடக் கேட்க முடிந்தது. வீட்டில் இருப்பதில் எதையாவது கொண்டுவந்து சோதியுங்கள் என்று வகுப்பில் சொல்வார் ஏம்ஸ். அப்படி வந்து சேர்ந்ததுதான் முடிச்சாயம். தட்டு முழுக்கப் புள்ளிகள். உடனே கடையில் கிடைத்த சாயங்களை வாங்கிச் சோதித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோடு கலந்து பூசும் 169 சாயங்களில் 150 சாயங்கள் டி.என்.ஏ.வைத் தாக்கின. 1975-ல் இது வெளியாக, அழகுசாதனத் தொழில் ஆடிப்போனது.

ஜப்பானில் தகாஷி சுகிமுரா என்ற ஆய்வாளர், வீட்டில் மீன் சுடும்போது எழுந்த புகையைப் பார்த்து யோசித்தார். கருகிய மீனை ஏம்ஸ் தட்டில் வைத்தார். புதிய ரசாயனக் குடும்பம் ஒன்றே அதிலிருந்து வெளிப்பட்டது. அதே நாட்டில் 1965 முதல் டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் கெடாமல் இருக்கச் சேர்த்துவந்த ‘ஏஎஃப்-2’, பாக்டீரியா சோதனையில் முதலில் மாட்டி, பிறகு விலங்குகளுக்குப் புற்றுநோய் தருவது உறுதியாகி, 1974-ல் சந்தையை விட்டே போனது.

இத்தனைக்கும் அடிப்படையான சோதனைக்கு ஏம்ஸ் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் உலகின் ஒவ்வொரு மருந்து, பூச்சிக்கொல்லி, சாயத் தொழிற்சாலையும் அவருக்குக் கப்பம் கட்டியிருக்கும். கிருமிகள் கேட்டு எழுதிய ஆய்வகங்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பிவைத்தார். ஆயிரக்கணக்கான ஆய்வகங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

மணியடித்தவரின் மறு பேச்சு

1970-களின் முடிவில் ஏம்ஸ், சுற்றுச்சூழல் இயக்கத்தினரின் செல்லப்பிள்ளை. 1980-களில் அவர் பேச்சு திசைமாறியது.

1983-ல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் போட்ட பட்டியலில் தொழிற்சாலைக் கழிவு இல்லை. மிளகு, காளான், செலரி, உருளைக்கிழங்கு இருந்தன. செடியால் ஓட முடியாது. பூச்சியை விரட்ட விஷம் தயாரித்துக்கொள்கிறது. நாம் தின்னும் பூச்சிக்கொல்லிகளில் எடையளவில் 99.99 சதவீதம் இயற்கையானவை என்று 1990-ல் எழுதினார். அவர் கணக்குப்படி, ஓர் அமெரிக்கர் நாளொன்றுக்கு உண்ணும் இயற்கைப் பூச்சிக்கொல்லி சுமார் 1.5 கிராம், செயற்கைப் பூச்சிக்கொல்லியின் மிச்சமோ 0.09 மில்லிகிராம். அதுவரை எலிகளில் சோதிக்கப்பட்ட இயற்கைப் பூச்சிக்கொல்லிகள் 52. அவற்றில் 27 புற்றுநோய் உண்டாக்கின. செயற்கை ரசாயனங்களைச் சோதித்தாலும் ஏறக்குறைய பாதி தேறுவதில்லை.

பாதிக்குப் பாதி எப்படி? எலிகளுக்குக் கொடுக்கும் அளவிலேயே கோளாறு என்றார் ஏம்ஸ். சாகாமல் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவை ஆயுள் முழுக்க ஊட்டுகிறார்கள். செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். இழப்பை ஈடுகட்ட மிச்சமுள்ளவை ஓயாமல் பிரியும். பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ.வில் பிழை நேர வாய்ப்பு. ரசாயனத்தைவிட அதன் அளவே புற்றுநோயைத் தூண்டியிருக்கலாம்.

அப்படியென்றால் எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது? 1987-ல் லோயிஸ் கோல்டு உள்ளிட்ட சகாக்களோடு ஒரு தரவரிசை போட்டார். எலிகளில் பாதிக்குப் புற்றுநோய் தரும் தினசரி அளவை நூறு என்று வைத்துக்கொண்டால், மனிதர் உட்கொள்வது அதில் எத்தனை சதவீதம் என்பதே அளவுகோல். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரோஃபார்ம் 0.001. ஒரு வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சில் இருக்கும் அஃப்ளடாக்சின் 0.03. ஒரு கோப்பை ஒயின் 4.7. தண்ணீருக்குப் பயந்தவர்கள் மதுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதுதான் அந்த அட்டவணையின் குத்தல்.

மிளகு ஆபத்தானது என்று அவர் சொல்லவில்லை. காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிடுவதே பெரிய ஆபத்து என்றார். புகையிலையை நிறுத்துங்கள் என்றார். 1989-ல், அப்போது ஆப்பிளில் தெளித்துவந்த ‘அலார்’ ரசாயனம் பற்றிப் பீதி கிளம்பியபோது, அந்த அபாயம் மிகச் சிறியது என்றார். சூழல் ஆர்வலர்கள் துரோகி என்றார்கள். ரசாயனத் தொழில்துறை அவரை உச்சிமுகர்ந்து மேற்கோள் காட்டியது. இரண்டு தரப்பும் அவரைப் பாதிதான் படித்தன. அதே 1987 அட்டவணையின் உச்சியில் 140 என்ற எண்ணோடு நின்றவர்கள், எத்திலீன் டைபுரோமைடு என்ற புகைமூட்டும் மருந்தைச் சுவாசித்த தொழிலாளர்கள். சாப்பாட்டுத் தட்டில் துளியாய் வருவதும் தொழிற்கூடத்தில் மூச்சோடு மூச்சாய் உள்ளே போவதும் ஒன்றல்ல என்பதை அவருடைய கணக்கே சொன்னது.

விமர்சகர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. தட்டு எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸ், ஆர்சனிக், பென்சீன் மூன்றும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை. மூன்றும் ஏம்ஸ் சோதனையில் தப்பிவிடும். 1987-ல் அமெரிக்க அரசு 73 ரசாயனங்களை வைத்து ஒப்பிட்டபோது, தட்டின் தீர்ப்பும் எலியின் தீர்ப்பும் 60 சதவீதம் அளவுக்கே ஒத்துப்போயின. தொண்ணூறு என்ற பழைய பெருமை இறங்கியது. ஆர்லீன் புளூமும் வேறு வழியில் போனார். குழந்தை உடுப்பிலிருந்து வெளியேறிய குளோரின் ட்ரிஸ், பல ஆண்டுகளுக்குப் பின் சோஃபாவிலும் குழந்தைகளின் இருக்கை மெத்தையிலும் இருப்பதைக் கண்டு மறுபடி போராட்டத்தில் இறங்கினார். அளவு சிறிது என்று விட்டுவிட்டால், அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதற்கு அவர் வைத்த சாட்சி அது.

மாத்திரை அட்டைக்குள்

இரண்டு ஏம்ஸ்களும் கைகுலுக்கிய இடம் ஒன்று உண்டு. மருந்துத் தொழிற்சாலை.

இன்று ஒரு புதிய மருந்து மனித உடம்பைத் தொடும் முன்னே கடக்க வேண்டிய முதல் வாசல்களில் ஒன்று ஏம்ஸ் சோதனை. புள்ளிகள் நிறைந்தால், பல மருந்துகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். மருந்து மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்டு வரும் கசடுகளுக்கும் கணக்கு வேண்டும். டி.என்.ஏ.வைத் தாக்கும் கசடு என்றால், பொதுவாக நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராமுக்கு மேல் உடம்பில் சேரக் கூடாது என்கிறது சர்வதேச விதி. ஆயுள் முழுக்க உட்கொண்டாலும் லட்சத்தில் ஒருவருக்கு மேல் கூடுதலாகப் புற்றுநோய் வராத அளவு அது. ‘தாக்குமா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது ஏம்ஸின் தட்டு. ‘எவ்வளவு வரை பொறுக்கலாம்?’ என்ற எண்ணுக்கு அடித்தளம், கோல்டும் ஏம்ஸும் ஆண்டுக்கணக்கில் தொகுத்த விலங்குச் சோதனைத் தரவுத்தொகுப்பு.

2018 ஜூலையில் இந்த ஏற்பாட்டுக்கே சோதனை வந்தது. ரத்த அழுத்தத்துக்கான வால்சார்டான் மாத்திரைகளில் ஒரு கசடு இருப்பது தெரிந்து, பல நாடுகள் திரும்பப் பெற்றன. அடுத்து, வயிற்று எரிச்சலுக்கான ரானிடிடினிலும் அதே கசடு. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதை முற்றிலுமாக விலக்கிக்கொள்ளச் சொன்னது. கசடின் பெயர், டைமீத்தைல்நைட்ரோசமைன். 1971-ல் ஈரல் சாற்றின் வித்தையை முதலில் காட்டிக்கொடுத்த அதே ரசாயனம். நைட்ரோசமைன்களின் மூர்க்கத்துக்கு 1.5 மைக்ரோகிராம்கூட அதிகம் என்பதால், இதற்கு நாளொன்றுக்கு 96 நானோகிராம் என்று தனி வரம்பு கட்டினார்கள். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். எந்த எலி எவ்வளவில் நோயுற்றது என்று அந்தத் தரவுத்தொகுப்பில் பதிந்திருந்த எண்ணிலிருந்தே இந்த வரம்பும் வந்தது.

மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள் என்று அப்போது அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ரத்த அழுத்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து, கசடால் வரக்கூடிய ஆபத்தைவிடப் பெரிது. இது ஏம்ஸ் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பாடம்.

பிற்காலத்தில் அவர் முதுமையையும் ஊட்டச்சத்தையும் ஆராயப் போனார். ஓக்லாந்து குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வகத்தில், ஃபோலேட் சத்துக் குறைந்தால் குரோமோசோம்கள் கதிர்வீச்சு பட்டதைப் போல உடைவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஜப்பான் பரிசு 1997-லும் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 1998-லும் வந்தன, நோபல் வரவில்லை. 2024 அக்டோபர் 5 அன்று, 95 வயதில் காலமானார்.

அவர் அனுப்பிவைத்த கிருமிகளின் சந்ததி சாகவில்லை. டிஏ98, டிஏ100 என்ற அதே பெயர்களில், உலகெங்கும் மருந்து ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் இருக்கின்றன. நைட்ரோசமைன்களுக்கு எலியின் ஈரல் சாறு மட்டும் போதாது என்று இப்போது ஹாம்ஸ்டரின் ஈரலையும் அரைத்துச் சேர்க்கிறார்கள். இன்று இரவும் எங்கோ ஒரு பெட்டிக்குள், 37 டிகிரியில், நாளை யாரோ விழுங்கப்போகும் மருந்தோடு ஒரு தட்டு வெதுவெதுப்பாக இருக்கும். நாளை மறுநாள் ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளிகளை எண்ணுவார். எண்ணிக்கை கூடியிருந்தால் பேனாவை எடுத்து, ஏம்ஸின் இரண்டாவது கேள்விக்கான கணக்கைப் போட ஆரம்பிப்பார்.